தடை நீங்கியது, தகவல் வரவில்லை

மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பற்றரி மாற்றுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். நிறையவே இருக்கிறது. ஏ9 வீதியில் பரந்தன் சந்தியிலிருந்து கிளிநொச்சி நகரைத் தாண்டும் வரைக்கும் உதிரிப்பாகக் கடைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொன்றிலும் பற்றரிகள் வண்ண வண்ணப் பெட்டிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வரும் விவசாயியையோ, பாடசாலை ஆசிரியையையோ நிறுத்தி மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது எப்போது செய்யப்பட்ட பற்றரி? இது உங்கள் வண்டிக்கு ஏற்றதுதான் என்று எப்படி அறிந்தீர்கள்? உத்தரவாதம் எந்தத் திகதியிலிருந்து தொடங்குகிறது? பதில் கிடைப்பது அரிது. அந்த அறியாமைக்கு அவர்கள் பொறுப்பல்லர். சொல்ல வேண்டியவர்கள் சொல்லவில்லை. சொல்ல வைக்க வேண்டியவர்கள் சொல்ல வைக்கவில்லை. என் வழக்கு இதுதான்.

பற்றரி என்ற சொல்லுக்கு வன்னியில் ஒரு வரலாறு உண்டு. 1990 இல் இரண்டாம் கட்ட ஈழப்போர் மூண்ட பின் வடபகுதிக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் எரிபொருள், சீமெந்து, உரம், மருந்து வகைகள் ஆகியவற்றோடு பற்றரியும் இருந்தது. டோர்ச் லைற்றுக்குப் போடும் சின்னஞ்சிறு பற்றரிகூடத் தடைசெய்யப்பட்ட பண்டம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட தலைமுறை இது. ஊசியால் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு, உதைத்து இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய தலைமுறையும் இதுதான். 2002 சனவரியில் அந்தத் தடைகள் தளர்த்தப்பட்டன. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. 2006 ஓகஸ்ட்டில் அது மீண்டும் மூடுண்டது. பின்னர் நடந்தவற்றை இவ்வூரவர்க்கு நான் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

அந்தத் தடைக்காலம் நமக்கு ஒரு பெருமையையும் ஒரு பழக்கத்தையும் விட்டுச் சென்றது. பெருமை, இல்லாததைக் கொண்டு சமாளித்தோம் என்பது. பழக்கம், எதையும் சமாளித்துக்கொள்ளலாம் என்று இன்றும் நினைப்பது. அந்நாளைய சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் எரிபொறிக்கு வேண்டிய மின்சாரத்தை மக்னீற்றோவே தந்தது. பற்றரி செத்துப்போனாலும், கழற்றி எறிந்துவிட்டாலும், உதைத்தால் வண்டி ஓடும். ஹோர்ன் அடிக்காது, சிக்னல் எரியாது, அவ்வளவுதான். ஆகவே ‘பற்றரி என்பது ஓர் ஒப்புக்குச் சாமான், மலிவானதைப் போட்டால் போதும்’ என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது.

அந்த எண்ணத்தின் காலம் முடிந்துவிட்டது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதன் பின், 2025 இல் அது மீளத் திறக்கும் வரை, இருந்த வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓட்டினோம். இப்போது வந்து இறங்கும் புதிய வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் கிடையாது. இலத்திரனியல் முறையில் எரிபொருள் பீச்சும் இயந்திரங்கள் அவை. பம்பி இயங்கவும் கட்டுப்பாட்டுப் பெட்டி விழிக்கவும் மின்னழுத்தம் வேண்டும். பற்றரி முற்றாக இறங்கினால் எவ்வளவு உதைத்தாலும் இவற்றிற் பல அசையா. பல ஸ்கூட்டிகளுக்கு உதைக்கும் மிதியே இல்லை. இரவு வேலை முடிந்து தனியே வீடு திரும்பும் ஒரு தாதிக்கு, விளக்கில்லாத உள்வீதியில் வண்டி நின்றுவிட்டால் அது சில்லறைத் தொல்லையா? யானை இறங்கும் காட்டோரப் பாதையில் ஹோர்னும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் நிற்பவருக்குப் பற்றரி ஒப்புக்குச் சாமானா?

இனிக் கடைக்குள் போவோம். அண்மையில் ஒரு கடையில் நின்றேன். பெயர் வேண்டாம், ஒரு கடையின் குற்றமாக இதனைச் சுருக்கிவிட நான் விரும்பவில்லை. ஒரு பெரியவருக்குப் புதுப் பற்றரி பூட்டிக்கொண்டிருந்த பையனிடம் கேட்டேன்.

“தம்பி, இதை எத்தினை மணித்தியாலம் சார்ஜ் போட்டனீங்கள்?”

“சார்ஜ் போடத் தேவையில்லை ஐயா. இப்பதான் அசிட் விட்டனான். பூட்டிக்கொண்டு ஓடுங்கோ, ஓட ஓட ஏறும்.”

‘ஓட ஓட ஏறும்.’ இந்த இரண்டரைச் சொல்லில் எத்தனை பற்றரிகள் அற்பாயுளில் மாண்டிருக்கின்றன! விடயத்தை விளக்கிவிடுகிறேன். உலர்நிலையில் வரும் பற்றரிக்குள் அமிலம் விட்டவுடன் அது முழுச் சார்ஜோடு எழுந்துவிடுவதில்லை. அமிலம் தகடுகளில் ஊறுவதற்கு அரைமணி நேரமாவது விடவேண்டும். பின்னர் அதன் கொள்ளளவில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு மின்னோட்டத்தில், அதாவது 5 அம்பியர் மணிப் பற்றரியாயின் அரை அம்பியரில், தயாரிப்பாளர் குறித்த மணித்தியாலங்கள் சார்ஜ் ஏற்ற வேண்டும். மோட்டார் சைக்கிளின் சார்ஜ் ஏற்றும் அமைப்பு, செலவானதை ஈடுசெய்யவே உருவாக்கப்பட்டது. பிறந்த குழந்தையை வளர்த்தெடுக்க அன்று. உருத்திரபுரத்திலிருந்து நகருக்கு வந்து திரும்பும் குறுகிய ஓட்டத்தில், முகப்பு விளக்கும் எரிந்துகொண்டிருக்க, அந்தக் குறை ஒருநாளும் நிரம்பாது. குறைச் சார்ஜில் கிடக்கும் தகடுகளில் ஈய சல்பேற்று கற்கண்டுபோல் இறுகும். இறுகியது பின்னர் கரையாது. ஆறு மாதத்திற் பற்றரி படுத்துவிடும். வாங்கியவர் கொம்பனியைத் திட்டுவார். கடைக்காரர் இன்னொன்றை எடுத்து நீட்டுவார்.

2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து தந்தார்கள். வண்டிகள் கொட்டிலில் நாட்கணக்காக நின்றன. நின்ற வண்டியின் பற்றரியும் தானாகவே இறங்கும். வெப்பத்தில் இன்னும் விரைவாக இறங்கும். அந்நாட்களிற் செத்த பற்றரிகளும் இதே சல்பேற்று நோயால் செத்தவைதாம். மாதத்தில் ஒரு தடவை வெளியே எடுத்துச் சார்ஜ் ஏற்றினாற் போதும் என்று ஒரு துண்டுப் பிரசுரம்கூட எவரும் அச்சிடவில்லை.

இன்னொரு அநியாயம், நோயைப் பாராமல் மருந்து விற்பது. ‘செல்ஃப் ஸ்ராட் எடுக்கவில்லை’ என்று ஒருவர் வந்தால் முதலிற் செய்ய வேண்டியது என்ன? மல்ரிமீற்றரை எடுத்து அளப்பது. ஓடி முடித்துச் சில மணித்தியாலம் ஆறவிட்ட 12 வோல்ற் பற்றரி நல்ல நிலையில் ஏறக்குறைய 12.6 வோல்ற் காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. இயந்திரத்தை ஓடவிட்டு, சற்று வேகங்கொடுத்து அளந்தால் 13.5 இற்கும் 14.5 இற்கும் இடையில் நிற்க வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பற்றரிக்குச் சாப்பாடு போகவில்லை. 15 ஐத் தாண்டினால் ரெகுலேற்றர் பழுது, பற்றரியை அவித்துக்கொண்டிருக்கிறது. இவ்விரு நிலையிலும் புதுப் பற்றரி பூட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதற்கு ஒப்பாகும். இரண்டு நிமிட வேலை இது. ஆனால் அளந்து பார்த்து, ‘ஐயா, உங்கட பற்றரியில் பிழை இல்லை’ என்று சொன்னால் ஒரு விற்பனை போய்விடும். அதனாற்றான் பல கடைகளில் மீற்றர் மேசை இலாச்சியைவிட்டு வெளியே வருவதில்லை.

தெரிவு பற்றிய மூடநம்பிக்கைகளுக்கும் குறைவில்லை. ‘அம்பியர் கூடினால் நல்லது’ என்பது ஒன்று. வண்டிக் கையேட்டில் எழுதியிருக்கும் அம்பியர் மணிதான் அந்த வண்டியின் அளவு. சற்றுக் கூடியதால் வண்டி எரிந்துவிடாது என்பது உண்மை. ஆனால் பெட்டி தட்டில் அடங்காது. பழைய ரியூப் துண்டாற் கட்டி வைப்பார்கள். கிரவல் பாதையில் அது குலுங்கும். முனை இரும்பில் தொட்டால் தீப்பொறி பறக்கும். குறைந்ததைப் போட்டாலோ செல்ஃப் ஸ்ராட் கேட்கும் மின்னோட்டத்தைக் கொடுக்க முடியாமல் அது முக்கி முனகிச் சாகும். நீளம், அகலம், உயரம், நேர்முனை எந்தப் பக்கம் என்பன நான்கும் பொருந்தியே ஆகவேண்டும்.

‘மூடிய பற்றரிக்குப் பராமரிப்பே வேண்டாம்’ என்பது மற்றொன்று. தண்ணீர் விடத் தேவையில்லை என்பதுதான் அதன் பொருள். சார்ஜ் பார்க்கத் தேவையில்லை என்பதன்று. கண்ணாடி நாரிழைக்குள் அமிலத்தை உறிஞ்சி வைத்திருக்கும் இவ்வகை, பற்றரியைச் சாய்த்து வைக்கும் ஸ்கூட்டிகளுக்கு இன்றியமையாதது. அங்கே மலிவென்று தண்ணீர்ப் பற்றரியைப் பூட்டினால் அமிலம் வழிந்து சட்டகத்தை அரிக்கும். மறுபுறம், ரெகுலேற்றர் பழுதான பழைய வண்டியில் மூடிய பற்றரியைப் பூட்டினால் அது உள்ளுக்குள் வறண்டு போகும். திறந்து தண்ணீர் விடவும் வழியில்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. எங்கள் பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீர் கடினநீர். கேத்திலின் அடியில் வெண்படையாகப் படிவதை நாள்தோறும் காண்கிறோம். அந்த உப்புகள் பற்றரித் தகட்டுக்கும் நஞ்சு. போத்தலில் வரும் குடிநீரும் இதற்கு உதவாது. காய்ச்சி வடித்த நீர், அதாவது கடையிற் கேட்டால் ‘பற்றரித் தண்ணி’ என்று தருவது, அதுமட்டுமே விடலாம். மட்டம் குறைந்தால் அமிலம் விடுவது அதைவிடப் பெரிய பிழை. ஆவியாவது தண்ணீர், அமிலம் உள்ளேதான் இருக்கிறது.

‘இவ்வளவும் சரி, பணத்திற்கு எங்கே போவது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லீசிங் கட்டுகிறவருக்கும், கணவனை இழந்து தனியே குடும்பம் நடத்தும் பெண்ணுக்கும் ஆயிரம் ரூபாய் ஆயிரம் ரூபாய்தான். அவர்களுக்காகவே சொல்கிறேன். பாதி விலைக்கு வாங்கிய பற்றரி மூன்றிலொரு பங்கு காலமே உழைத்தால் அது மலிவா? ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒரு நாட்கூலி இழப்பு, நகருக்கு வந்து போகும் செலவு, வழியில் நின்ற அலைச்சல் ஆகியவற்றையும் கூட்டுங்கள். வெப்பநிலை ஏறக்குறைய 10 பாகை கூடினால் பற்றரியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் பொதுக்கணக்கு. குளிர்நாட்டில் ஐந்தாண்டு உழைப்பதை நம் வைகாசி வெயிலில் அப்படியே எதிர்பார்க்க இயலாது. ஆகவே மெல்லிய தகடு வைத்த மட்டமான பற்றரிக்கு மிகக் கடுமையான சோதனைக்களம் நமது ஊர்தான். எழைக்கு ஏற்றது என்று ஏழையிடம் விற்கப்படுவது ஏழையையே அதிகம் சுரண்டுகிறது.

வியாபாரிகள் தரப்பையும் சொல்லாவிட்டால் பத்திரிகைத் தர்மம் ஆகாது. சிறு கடைக்காரருக்கு இலாபம் சொற்பம். வருகிற வாடிக்கையாளர் முதலிற் கேட்பது ‘குறைஞ்ச விலையில என்ன இருக்கு?’ என்பதே. சார்ஜ் ஏற்றி வைக்க மின்சாரக் கட்டணம் அவருடையது. உத்தரவாதத்தில் திரும்பி வந்த பற்றரியைக் கொழும்புக்கு அனுப்பினால் பதில் வர வாரக்கணக்காகும். ‘பாவித்தவரின் தவறு’ என்று திரும்பியும் வரும். நட்டம் கடைக்காரர் தலையில். இவையெல்லாம் உண்மை. ஆனால் இவற்றுக்கான விலையை ஏன் அறியாத பாவனையாளர் கட்ட வேண்டும்? கொழும்பு முகவரிடம் மல்லுக்கட்ட வேண்டியவர் கடைக்காரர். அதற்குப் பதிலாக எதிரே நிற்கும் தன் ஊரவரிடம் மௌனம் காப்பது வியாபாரமாக இருக்கலாம், நேர்மையாகாது.

அரசின் பொறுப்புக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை. கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது வியாபாரியின் கடமை என்கிறது அச்சட்டம். பொருளின் தரம் குறித்துப் பிழையாக நம்பவைப்பதை அது தடைசெய்கிறது. பொருட்களில் என்னென்ன விபரம் பொறிக்கப்பட வேண்டும் எனப் பணிக்கும் அதிகாரமும் அச்சபைக்கு உண்டு. சட்டம் இருக்கிறது. ஆனால் பற்றரியின் உடலில் தயாரித்த மாதம் இன்னும் எழுத்தும் எண்ணும் கலந்த மறைகுறியாகவே பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. விற்பவருக்கு மட்டுமே விளங்கும் திகதி யாருக்குப் பயன்? அமிலம் நிரப்பி மூடிய பற்றரி ஓராண்டு காலம் தகரக் கூரைக் களஞ்சியத்தில் வெந்து கிடந்துவிட்டு ‘புதிது’ என்ற பெயரில் விற்கப்படுமானால் அதை வாங்குபவர் கண்டறிவது எங்ஙனம்?

மொழியையும் கேட்கிறேன். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அது தனியார் கொம்பனிகளைக் கட்டுப்படுத்தாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் என் கைக்கு வந்த உத்தரவாத அட்டைகளில் ஒரு வரி தமிழ் இல்லை. தமிழரிடம் விற்றுத் தமிழரிடம் காசு வாங்குபவர்கள், விளம்பரத்தைத் தமிழில் எழுதத் தெரிந்தவர்கள், நிபந்தனையைத் தமிழில் எழுத மட்டும் மறந்துபோவதேன்? வாசிக்க முடியாத உரிமை கையிலிருந்தும் இல்லாத உரிமையே. கிளிநொச்சி மாவட்டத்தில் பற்றரி விற்பனை தொடர்பாக எத்தனை சோதனைகள் நடந்தன, எத்தனை முறைப்பாடுகள் தீர்க்கப்பட்டன என்று 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எவரும் கேட்கலாம். இளைய செய்தியாளர்கள் கேட்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கடைசியாக, எல்லாவற்றிலும் பாரதூரமான விடயம். புதுப் பற்றரி பற்றிப் பேசும் நாம் பழையது எங்கே போகிறது என்று கேட்பதேயில்லை. அதன் எடையிற் பாதிக்கு மேல் ஈயம். மீதியில் கந்தக அமிலம் பெரும்பங்கு. அமிலத்தைக் கராஜின் பின்புற மண்ணில் ஊற்றிவிட்டு, ஈயத்தை நிறைக்கு விற்பதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. கோதை உடைத்து, வெட்டவெளியில் அடுப்பு மூட்டி ஈயம் உருக்கினால் என்ன நடக்கும் என்பதை உலகம் ஏற்கனவே கண்டிருக்கிறது. செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் என்ற ஊரில், பழைய பற்றரி ஈயம் கலந்த மண்ணால் 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். உலகச் சிறுவர்களில் மூவரில் ஒருவரின் குருதியில் ஈயத்தின் அளவு கவலைக்குரிய மட்டத்தைத் தாண்டியிருக்கிறது என 2020 இல் யுனிசெஃப் அறிக்கை மதிப்பிட்டது. முறைசாரா வகையில் பற்றரி உடைப்பதை அது முக்கிய காரணிகளில் ஒன்றாகச் சுட்டியது. குழந்தையின் மூளைக்குத் தீங்கற்ற ஈய அளவு என்று ஒன்று இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. செல்லடியும் கண்ணிவெடியும் கெடுத்த மண்ணைக் கிண்டிக் கிளறித் துப்புரவாக்கிக் குடியேறியவர்கள் நாம். அந்த மண்ணில் நாமே ஈயத்தை விதைக்கலாமா?

ஆகவே என் கோரிக்கைகள் சில. வாங்குபவர்கள், வண்டியின் சார்ஜ் அமைப்பை அளந்து காட்டச் சொல்லுங்கள். கையேட்டில் உள்ள வோல்ற், அம்பியர் மணி, அளவு, முனைப்பக்கம் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். தயாரித்த திகதியை வாய்விட்டுக் கேளுங்கள். முதற் சார்ஜ் முழுமையாக ஏற்றாமல் பூட்ட விடாதீர்கள், ஒருநாள் பொறுத்து வாருங்கள். பற்றுச்சீட்டிலும் உத்தரவாத அட்டையிலும் அன்றைய திகதியும் முத்திரையும் இல்லாமற் படியிறங்காதீர்கள். பழையதைக் கடையிலேயே கொடுத்துவிட்டு, அதன் பெறுமதியைக் கழிக்கச் சொல்லுங்கள். வியாபாரிகள், திரும்பப் பெற்ற பழைய பற்றரிகளை உடைக்காமல், அமிலத்தோடு முழுதாகக் கொம்பனிகளிடமோ அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். அதிகாரசபை, தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் எவரும் வாசிக்கக்கூடிய வடிவிலும், உத்தரவாத நிபந்தனைகளை மும்மொழியிலும் இடுமாறு பணிக்க வேண்டும். பிரதேச சபைகள் கராஜ்களுக்கு வியாபார அனுமதி கொடுக்குமுன் அமிலம் எங்கே போகிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கான நிதியொதுக்கீடு வேண்டியதில்லை. வெளிநாட்டு நிபுணரும் வேண்டியதில்லை. ஒரு மீற்றர், ஒரு முத்திரை, தமிழில் ஒரு பக்கம் எழுத்து. இவ்வளவுதான் கேட்கிறோம். பற்றரி கிடையாது என்று சொன்ன அரசை அன்று நாம் தட்டிக் கேட்க முடியவில்லை. துப்பாக்கிகள் இடையில் நின்றன. இன்று கடைக்காரருக்கும் நமக்கும் இடையில் நிற்பது ஒரு மேசை மட்டுமே. அதன் மறுபக்கத்தில் நிற்பவரிடம் ஒரு திகதியைக் கேட்பதற்கும் நமக்கு வாய் வராதென்றால், தடைப்பட்டியல் ஒன்று நம் நாவில் இன்னும் ஒட்டிக்கிடக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும்.